கையடக்கத் துப்பாக்கி: நெல்லைச் சீமையில் எது கிடைக்கும், எது பொருந்தும்?

தேர்தல் தேதி அறிவித்த கையோடு திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு செய்தி தவறாமல் வரும். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது அந்தச் செய்தி. அதைப் படித்ததும் டீக்கடை பெஞ்சில் இரண்டு கேள்விகள் கிளம்பும். "நம்ம ஊர்ல இத்தனை பேர்கிட்டயா துப்பாக்கி இருக்கு?" என்பது ஒன்று. "அப்போ நாமளும் சின்னதா ஒண்ணு வாங்கி இடுப்புல வச்சுக்கலாம்லா?" என்பது மற்றொன்று. முதல் கேள்வியைக் கலெக்டர் ஆபீஸ் பதிவேட்டுக்கு விட்டுவிடலாம். இரண்டாவதில்தான் குழப்பம் அதிகம்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் செல்போன். யூடியூபில் 'காம்பாக்ட் பிஸ்டல்' என்று தேடினால் வருபவை எல்லாம் அமெரிக்கர்கள் பேசும் வீடியோக்கள். க்ளாக் 19, சிக் சாவர் பி365 என்று அவர்கள் ஒப்பிடும் துப்பாக்கிகளில் ஒன்றைக்கூட பாளையங்கோட்டைக்காரர் சட்டப்படி வாங்கிவிட முடியாது. அங்கே கடையில் போய்ப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே சட்டம் முதலில் கழித்துக் கட்டும், மிச்சம் இருப்பதில் நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஆகவே எது கழிகிறது, எது மிஞ்சுகிறது, மிஞ்சியதில் யாருக்கு எது என்று அந்த வரிசையிலேயே போவோம்.

முதலில் சொற்கள்

கைத்துப்பாக்கி இரண்டு வகை.

1. ரிவால்வர். நடுவில் ஓர் உருளை இருக்கும். அதில் ஐந்து அல்லது ஆறு துளைகள், துளைக்கு ஒரு தோட்டா. விசையை இழுக்கும்போது உருளை ஒரு துளை சுழன்று குழலுக்கு நேராக வந்து நிற்கும்.

2. பிஸ்டல். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் அடுக்கியிருக்கும். ஒன்று வெடித்ததும் அந்த வேகத்திலேயே மேல்தகடு பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றிக்கொள்ளும்.

'காம்பாக்ட்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. அது விற்பனைச் சொல். குழல் நான்கு அங்குலமோ அதற்குக் குறைவோ, உடைக்குள் அடங்க வேண்டும், எடை ஒரு கிலோவுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும் என்ற அளவில் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது சொல் 'போர்'. குழலின் உள்விட்டத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாயிண்ட் 32 என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு 32 பங்கு, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். நம் சட்டம் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான். தடை செய்யப்பட்ட போர், தடை செய்யப்படாத போர் என்று துப்பாக்கிகள் இரண்டாகப் பிரிகின்றன. முதல் வகைக்கு உரிமம் தருவது டெல்லியில் உள்துறை அமைச்சகம். கடுமையான, உடனடியான உயிராபத்து உள்ளவர் என்று நிரூபித்தால்தான் பேச்சே தொடங்கும். இரண்டாம் வகைக்கு உரிமம் மாவட்ட அளவில் கிடைக்கும்.

சட்டம் எதைக் கழிக்கிறது?

ஆயுதக் கட்டுப்பாடு என்றால் இந்தியா முழுவதற்கும் 1878-இல் ஆங்கிலேயர் போட்ட சட்டத்திலிருந்து கதையைத் தொடங்குவார்கள். நம் சீமைக்கு அது அதற்கும் முக்கால் நூற்றாண்டு முந்தியது. பாளையக்காரர் போர் முடிந்து கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்ட 1801-ஆம் ஆண்டின் டிசம்பர் 1 அன்று, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென் பாளையங்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனி ஆயுதம் தரிக்கக் கூடாது என்பது அதன் சாரம். தேர்தலுக்கு முன் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வருபவர், தெரிந்தோ தெரியாமலோ, இருநூறு வருஷப் பழக்கம் ஒன்றைத்தான் செய்கிறார்.

இன்று நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும். தேர்வைப் பாதிக்கும் அம்சங்கள் இவை:

1. 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட போர். ராணுவமும் போலீசும் புழங்கும் தோட்டா வெளிச் சந்தையில் கலந்துவிடக் கூடாது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். யூடியூப் வீடியோக்களில் வருவதில் பெரும்பகுதி 9 மி.மீ.தான் என்பதால் இந்த ஒரே வரியில் அவையெல்லாம் அடிபட்டுப் போகின்றன.

2. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலிருந்து ஏறக்குறைய நின்றுபோன விஷயம். பெயர்பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கு முன்னால் வந்த பழைய வெப்லி, வால்தர் துப்பாக்கிகள் கை மாறிக்கொண்டிருக்கின்றன. பழசு என்பதாலேயே விலை கூடிப்போன சரக்கு அது. ஐம்பது வருஷத் துப்பாக்கிக்கு உதிரி பாகம் தேடி அலைவதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

3. ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு மூன்று. 2019 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் அதை இரண்டாக்கியது. உரிமத்தின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டியதும் அதே திருத்தம்தான்.

4. உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் சாதாரண போருக்கே இரண்டு முதல் ஐந்து வருஷம் சிறை. தடை செய்யப்பட்ட வகை என்றால் ஏழு முதல் பதினான்கு. 'நாட்டுத் துப்பாக்கி மலிவா கிடைக்கும்' என்று யாராவது காதோடு சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் கொள்வது நல்லது. அதோடு, தண்ணீர்க் குழாயை வெட்டிச் செய்த குழல் எந்தப் பக்கம் வெடிக்கும் என்று செய்தவனுக்கே தெரியாது.

மிஞ்சுவது என்ன?

கழித்துக் கட்டிய பிறகு கையில் நிற்பது பாயிண்ட் 32-உம் பாயிண்ட் 22-உம். இவற்றைச் செய்வது பெரும்பாலும் அரசுதான். ஆர்டினன்ஸ் ஃபேக்டரி வாரியத்தை 2021 அக்டோபர் 1 அன்று ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். அதில் துப்பாக்கி வேலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா நிறுவனத்திடம் போனது. நம் திருச்சித் தொழிற்சாலையும் அதன் கீழ்தான் வருகிறது. தோட்டா வேலை புனேயிலுள்ள மியூனிஷன்ஸ் இந்தியாவிடம்.

சந்தையில் பேசப்படும் பெயர்களைப் பார்ப்போம். பழைய பாயிண்ட் 32 ரிவால்வர் வெப்லி வடிவத்தைப் பின்பற்றியது. நடுவில் கீல் போல மடிந்து திறக்கும், ஆறு தோட்டா. 2014-இல் கான்பூரிலிருந்து 'நிர்பீக்' வந்தது. அதே பாயிண்ட் 32, எடை சுமார் 500 கிராம், அறிமுக விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. பெண்களுக்கான துப்பாக்கி என்று விளம்பரம் செய்தார்கள். 2012 டெல்லி நிர்பயா சம்பவத்தின் சூட்டில் வந்த பெயர் அது. அந்த விலைக்கு யார் வாங்குவார்கள், அந்தப் பெண் உரிமத்துக்கு எங்கே அலைவாள் என்ற கேள்விகள் அப்போதே எழுந்தன. பிறகு இச்சாப்பூர் தொழிற்சாலையிலிருந்து பாயிண்ட் 22-இல் 'நிடர்'. எடை வெறும் 250 கிராம். 2023 ஆகஸ்டில் 'பிரபல்' வந்தது. இதில் உருளை பக்கவாட்டில் வெளியே வரும் என்பதால் தோட்டா மாற்றுவது சுலபம். 50 மீட்டர் வரை பாயும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. பிஸ்டல் பக்கம் 'அசனி', பாயிண்ட் 32. தனியார் தரப்பில், உத்தரப் பிரதேசம் ஹர்தோய் மாவட்டத்தின் சண்டீலாவில் வெப்லி அண்ட் ஸ்காட் பெயரில் பாயிண்ட் 32 ரிவால்வர் தயாராகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரிவால்வரின் பாயிண்ட் 32-உம் பிஸ்டலின் பாயிண்ட் 32-உம் ஒரே தோட்டா அல்ல. ரிவால்வருக்கானது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். உடல் நீளம், அடியில் அகன்ற விளிம்பு. பிஸ்டலுக்கானது ஏ.சி.பி. (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்); குட்டை, விளிம்பு லேசாகத்தான் தெரியும். எண்ணை மட்டும் பார்த்து ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது. உரிமப் புத்தகத்திலும் தோட்டாப் பெட்டியிலும் முழுப்பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஏ.சி.பி. தோட்டாவுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1899-இல் ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலைக்காக வடிவமைத்தது அது. மேகசினும் மேல்தகடும் கொண்ட சிறிய பிஸ்டல் என்ற யோசனை உலகம் முழுக்கப் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் ஏறி, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும், பிறகு தன்னையே சுட்டுக்கொண்டதும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரௌனிங் பிஸ்டலால்தான்.

சின்னது என்றால் சுலபமா?

பலரும் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான். சின்னத் துப்பாக்கி கைக்கு அடக்கம், ஆகவே சுடுவதும் சுலபம் என்று தோன்றும். சுமப்பதற்குச் சுலபம். சுடுவதற்குக் கஷ்டம். மூன்று காரணங்கள்.

முதலாவது உதைப்பு. தோட்டா முன்னால் எந்த வேகத்தில் போகிறதோ அதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வர வேண்டும். பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதிதான். ஒரே தோட்டாவை 500 கிராம் துப்பாக்கியிலும் 750 கிராம் துப்பாக்கியிலும் சுட்டால், இலேசானது ஒன்றரை மடங்கு வேகத்தில் கையை உதைக்கும். பாயிண்ட் 32 அப்படி ஒன்றும் முரட்டுத் தோட்டா இல்லை என்பது உண்மை. ஆனாலும் முதல் தடவை சுடுபவர் இரண்டாவது தோட்டாவுக்கு முன்னாலேயே கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடியவருடைய தோட்டா எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது குறி. துப்பாக்கியின் முன்முனையில் ஒரு சிறு முள் இருக்கும், பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில் முள் தெரிய, அதற்கு நேரே இலக்கு தெரிந்தால் குறி சரி. இந்த இரண்டுக்கும் இடைவெளி 15 சென்டிமீட்டர் என்று வைப்போம். முள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் பத்து மீட்டரில் தோட்டா ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இடைவெளி 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் அதே விலகலுக்கு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். பதற்றத்தில் நடுங்கும் கை ஒரு மில்லிமீட்டரோடு நிற்காது. 50 மீட்டர் பாயும் என்ற விளம்பரம் தோட்டாவைப் பற்றியது. உங்கள் கையைப் பற்றியது அல்ல.

மூன்றாவது விசை. ரிவால்வரில் பின்பக்கம் தெரியும் சுத்தியலை, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் பாகத்தை, பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டுச் சுடலாம். அப்போது விசைக்கு இரண்டு கிலோ அளவு இழுப்பு போதும். நிறுத்தாமல் நேரடியாக இழுத்தால் அந்த ஒரே இழுப்பு உருளையையும் சுழற்ற வேண்டும், சுத்தியலையும் தூக்க வேண்டும். பொதுவாக நான்கு ஐந்து கிலோ ஆகும். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனை ஆள்காட்டி விரலின் நுனியில் மாட்டித் தூக்கிப் பாருங்கள், ஏறத்தாழ அதுதான் கணக்கு. தூக்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து ஒரு பக்கம் இறங்கும், பார்த்திருப்பீர்கள். அரைக் கிலோ எடையுள்ள பொருளை ஆடாமல் பிடித்தபடி ஐந்து கிலோ இழுப்பை இழுப்பதுதான் சின்ன ரிவால்வரைச் சுடுவது. வயதானவர்களும் மூட்டுவாதம் உள்ளவர்களும் வாங்குவதற்கு முன்னால் கட்டாயம் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நாள் முழுக்க உடம்போடு வைத்திருக்கப் போகிறவருக்கு மட்டும்தான் சின்னது லாபம். கடைக் கல்லாவிலோ வீட்டு லாக்கரிலோ இருக்கப் போகிற துப்பாக்கி என்றால் கொஞ்சம் கனமானதை, குழல் நீண்டதை எடுப்பதே சரி.

ரிவால்வரா, பிஸ்டலா?

இதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. புதிதாக வாங்குகிற, மாதம் ஒருமுறைகூடப் பயிற்சி செய்ய வாய்ப்பில்லாத ஆளுக்கு ரிவால்வர்தான். தோட்டா உள்ளே இருக்கிறதா இல்லையா என்று உருளையைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும்.

பிஸ்டல் தட்டையானது, சட்டைக்குள் மறையும், மேகசினை மாற்றுவதும் சீக்கிரம். ஆனால் மேகசினைக் கழற்றிவிட்டோம், காலியாகிவிட்டது என்று நினைத்து விசையை இழுப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மேகசின் வெளியே வந்தாலும் குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். வீட்டுக்குள் நடக்கும் விபத்துகளில் பழைய கதை இது. தோட்டா சிக்கிக்கொண்டால் தகட்டை இழுத்துச் சரிசெய்யும் பழக்கமும் வேண்டும். அது பயிற்சியில்லாமல் வராது.

பாயிண்ட் 22 பற்றி ஒரு வரி. உதைப்பு மிகக் குறைவு, பழகுவதற்கு அருமை. ஆனால் அதன் வெடிமருந்துப் பொறி தோட்டாவின் விளிம்பில் இருக்கிறது. நடுவில் பொறி உள்ள தோட்டாக்களைவிட வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். பாதுகாப்புக்கு என்று வாங்குபவர் இதையும் எடைபோட வேண்டும்.

யாருக்கு எது?

டவுனில் நகைக்கடை வைத்திருப்பவர், இரவில் வசூல் பணத்தோடு வீடு திரும்பும் பெட்ரோல் பங்க் உரிமையாளர் போன்றவர்களை 2016 விதிகளே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. தொழிலின் தன்மையால் உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு தேவைப்படுபவர்கள் என்ற வகையில் இவர்கள் வருவார்கள். கையடக்கத் துப்பாக்கிக்கு நியாயமான ஆள் என்றால் இவர்கள்தான். பாயிண்ட் 32 ரிவால்வர், மூன்று அங்குலக் குழல், 650 கிராமுக்குக் குறையாத எடை என்று பார்க்கலாம். கடைக்குக் காவல் வேண்டும் என்றால் அது வேறு. வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு காவலாளி ஒருவர் உட்கார்ந்திருப்பது கல்லாவுக்குள் ஒளிந்திருக்கும் ரிவால்வரைவிட அதிகம் வேலை செய்யும். திருடன் கண்ணில் படுவதே அதன் முதல் வேலை.

மலையடிவார விவசாயி விஷயம் முற்றிலும் வேறு. களக்காடு, சிங்கம்பட்டி, பாபநாசம், தென்காசிப் பக்கம் கடையம் என்று பொதிகை அடிவாரத்தில் எங்கே கேட்டாலும் காட்டுப்பன்றிதான் பேச்சு. நெல்லையும் வாழையையும் ஒரே ராத்திரியில் உழுதுபோட்டுவிடும். 'ஒரு துப்பாக்கி இருந்தா தேவல' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கைத்துப்பாக்கி இதற்கு உதவவே உதவாது. இருட்டில் ஓடும் பன்றியைப் பாயிண்ட் 32-ஆல் அடிப்பது நடக்கிற காரியமில்லை. காயப்பட்ட பன்றி மனிதன் மேல் திரும்பும். சட்டமும் பயிர்க் காவலுக்கு வேறு துப்பாக்கியைத்தான் சொல்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியையும் தனியாகக் குறிப்பிடுகிறது.

அதையும் தாண்டி இன்னொரு தடை இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் புதிதாகத் துப்பாக்கி உரிமம் கொடுப்பதென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் மலை நெடுக நீண்டு கிடக்கிறது. அதிலிருந்து பத்து கிலோமீட்டர் என்று கோடு போட்டால் அம்பாசமுத்திரம், களக்காடு வட்டாரங்களின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். காப்பகத்தை ஒட்டிய ஊர்க்காரர் விண்ணப்பம் ஏன் மாதக்கணக்கில் நகராமல் கிடக்கிறது என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அப்புறம், உரிமத் துப்பாக்கி கையில் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுடும் அனுமதி தானாக வந்துவிடாது. அது வனத்துறையின் கையில் இருக்கும் விஷயம்.

பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் துபாயிலும் இருக்க, கிராமத்துப் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் கேட்பதும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் யோசனை வேறு: நல்ல கதவு, தெருவைப் பார்க்கும் கேமரா, குரைக்கிற நாய் ஒன்று. தூக்கம் கலைந்த நேரத்தில், கண்ணாடி இல்லாமல், இருட்டில் லாக்கர் சாவி தேடி எடுத்துச் சுடுவது இருபத்தைந்து வயதுக்காரருக்கே முடியாது.

துப்பாக்கி சுடுதல் மேல் ஆசை மட்டும்தான் என்றால் ஏர் பிஸ்டல் போதும். பாயிண்ட் 177 போருக்கு மேற்படாத, 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டி நடப்பது இதே பாயிண்ட் 177 போரில்தான்.

உரிமம் வாங்கும் வழி

துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டு உரிமத்துக்குப் போகக் கூடாது. வரிசை தலைகீழ்.

1. விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாநகரப் போலீஸ் எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் காவல் ஆணையரகம், மற்றவர்களுக்குக் கொக்கிரகுளத்தில் உள்ள கலெக்டர் அலுவலகம்.

2. ஏன் வேண்டும் என்ற காரணம்தான் விண்ணப்பத்தின் உயிர். 'பாதுகாப்புக்காக' என்ற ஒற்றைச் சொல் போதாது. மிரட்டல் இருந்தால் அதற்கான புகார் ரசீது, தொழில் என்றால் அதன் பதிவுகள் என்று கையில் காகிதம் வேண்டும்.

3. உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்ற உறுதிமொழி.

4. போலீஸ் விசாரணை. அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அது வந்து 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் பொறுமை வேண்டும்.

5. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடும் உண்டு. சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. 'நிலம் நீச்சு இருக்கிறவனுக்குத்தான் துப்பாக்கி' என்ற ஊர்ப்பேச்சு சட்டத்தில் இல்லை.

உரிமம் கிடைத்ததும் ஒவ்வொருவருக்கும் தேசியப் பதிவேட்டில் தனி அடையாள எண் இருக்கும். எந்த வகைத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, எந்த எல்லை வரை செல்லும் என்பதெல்லாம் உரிமத்தில் எழுதியிருக்கும். பிறகுதான் உரிமம் பெற்ற கடைக்குப் போய்த் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். அங்கே செய்ய வேண்டிய சோதனை மூன்றே மூன்று. காலி என்று உறுதிசெய்த பிறகு, கடைக்காரர் அனுமதியோடு, விசையைச் சுத்தியல் நிறுத்தாமல் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள், ஏழாவதிலேயே விரல் நடுங்கினால் அது உங்களுக்கானது இல்லை. கைப்பிடியில் சுண்டுவிரல் நிற்க இடம் இருக்கிறதா பாருங்கள். உருளையைத் திறந்து மூடிக் காது கொடுத்துக் கேளுங்கள், லொடலொடவென்று ஆடக் கூடாது.

வாங்கிய பிறகு

பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் வைத்து, வெளியே தெரியாமல் முழுக்க மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது 2016 விதி. கையடக்கத் துப்பாக்கிக்கு உண்மையான பயன் இங்கேதான் வருகிறது. ஆனால் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலையம் இவற்றுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று உரிமத்தின் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. நெல்லையப்பர் ஆனித் தேருக்கும், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கும் போகிறவர் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதுவும் 2019 திருத்தத்தில் வந்தது.

தற்காப்புக்குச் சுட்டால் என்ன ஆகும்? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யக் கூடாது என்பது அதன் வரம்பு. ஓடுகிற திருடனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்லி நிற்பது மிகக் கடினம்.

நம் ஊருக்கென்று ஒரு பராமரிப்புக் குறிப்பு. சித்திரை வெயிலில் இடுப்போடு ஒட்டிய துப்பாக்கி வேர்வையில் ஊறும். உப்பு இரும்பை எப்படித் தின்னும் என்று உவரி, கூடங்குளம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றன்று உலர்ந்த துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். தோல் உறைக்குள்ளேயே போட்டு லாக்கரில் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில் இருக்கட்டும். சாவி பீரோ மேல் கிடந்தால் பூட்டு இருந்தும் பயனில்லை. வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவரோ, மனம் உடைந்து இருப்பவரோ இருந்தால் அந்தச் சமயத்தில் துப்பாக்கியை வீட்டிலேயே வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து வைக்கலாம்.

தேர்தல் நேர ஒப்படைப்புக்கு வருவோம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் கலெக்டர் தலைமையிலான குழு உரிமதாரர்களைப் பரிசீலித்து யார் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்யும். வங்கிக் காவலாளிகள், துப்பாக்கிச் சுடும் விளையாட்டு வீரர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. ஸ்டேஷனில் கொடுக்கும்போது ரசீதில் துப்பாக்கியின் எண், வகை, தோட்டா எண்ணிக்கை, பொருளின் நிலை எல்லாம் சரியாக எழுதியிருக்கிறதா என்று நின்று படித்துவிட்டு வர வேண்டும். கொடுக்கும் முன் எண்ணெய் பூசிக் கொடுப்பது நல்லது, மாதக்கணக்கில் துணி சுற்றிக் கிடக்கப் போகிறது. முடிவு வெளியாகி ஒரு வாரம் கழித்துப் போய் ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

தாத்தா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி

பல வீடுகளில் புதிதாக வாங்கும் கேள்வியே எழாது. பரணில் ஏற்கெனவே ஒன்று இருக்கும். உரிமதாரர் இறந்த பிறகு அதை அப்படியே வைத்திருந்தால் அந்த நாளிலிருந்து அது உரிமமில்லாத துப்பாக்கி. 'அப்பா பேர்ல லைசென்ஸ் இருக்கு' என்பது பதிலாகாது. உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2016 விதிகள் வாரிசுக்கு இன்னொரு வழியும் தருகின்றன. உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்துவிட்டாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கலாம். பழைய வெப்லி ரிவால்வர் ஒன்று வீட்டில் இருக்கிறது, அப்பாவுக்கு எழுபத்திரண்டு ஆகிறது என்றால், புதுத் துப்பாக்கியின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம். ஒருவருக்கு இரண்டு என்ற வரம்பில் இதுவும் ஒன்றாகச் சேரும்.